ட்ரெய்லரில் கையுயர்த்தி நின்றவர்

நிஜ மனிதர்களின் முகங்களை வைத்து உருவாக்கி, புதிய கன்சோலோடு வெளியாகவிருந்த வீடியோ விளையாட்டின் ட்ரெய்லரை, பழைய கன்சோலின் கன்ட்ரோலரால் வழக்கம்போல் ஒவ்வொரு பிரேமாக நிறுத்தித் துருவிக்கொண்டிருந்தான் நவநீதன். நாயகனின் துப்பாக்கிக்கு நேரே இரு கைகளையும் உயர்த்தி நின்ற மீனவனிடம் வந்ததும் அவன் விரல் நின்றது. இடது புருவத்தைப் பிளந்த அதே தழும்பு. மாட்டிக்கொண்டால் சிரிக்கும் அதே அசட்டுச் சிரிப்பு. ஒன்பது வருடங்களுக்கு முன் பால் வாங்கப் போய்த் திரும்பி வராத அப்பா.

"அம்மா, இங்க கொஞ்சம் வாயேன்."

ஈரக் கையோடு வந்த அம்மா திரையருகே போய் நின்றாள். நெடுநேரம் பார்த்தாள். அழவில்லை.

"இந்த கேம் எப்படா வருது?"

"அடுத்த மாசம்மா."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவனிடமிருந்து கன்ட்ரோலரை வாங்கினாள்.

"சுடறதுக்கு எந்த பட்டன்?"