டீசலுக்கு முதல் பிடி

“வாயத் தொறந்து ஊத்தாதய்யா! போன வருசம் இப்டிப் பால ஊத்தி ஊத்தித்தான் நம்ம ஜூலிய வாரிக் குடுத்தோம்!”

ராணி தன் புருஷன் பச்சையப்பன் கையிலிருந்த பால் டம்ளரைப் பிடுங்கினாள். பூந்தமல்லியில் அவனுடைய பைக் மெக்கானிக் ஷெட். தகரக் கூரை அனலைக் கொட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சுக்கு அடியில் டீசல் சுருண்டு கிடந்தது. பெயர்தான் டீசல், செம்பழுப்பு நாட்டு நாய்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம். மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்தால் முதல் பிடி டீசலுக்குத்தான். மசாலாவைக் கழுவி, எலும்பை எடுத்துவிட்டு ராணி வைப்பாள். இன்றைக்கு டீசல் தட்டை மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டது. சோறு என்றால் வாலால் ஷெட்டையே பெருக்குகிற நாய்!

ராணிக்கு இதே ஷெட்டில் வளர்ந்த நாய் ஜூலியின் ஞாபகம் வந்தது. அதற்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இதே கத்திரி வெயில். முதல் நாள் சாப்பிடவில்லை, மறுநாள் வாந்தி பேதி, மூன்றாம் நாள் ஜூலியே இல்லை.

“பசிச்சா துன்னும், வுடு” என்று பச்சையப்பன் கேரியரை வழித்துச் சாப்பிட்டுவிட்டான். அவளுக்கோ ஒரு வாய் இறங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் டீக்கடையில் பால் வாங்கி வந்திருந்தான்.

இந்தத் தடவை விடுவாளா ராணி? மாட்டு டாக்டர் நாய் டாக்டர் எல்லாமாக இருக்கிற ஷோபனா அம்மா போன வருஷம் சொன்னது அத்தனையும் மனப்பாடம். டீசலை நிழலுக்கு இழுத்து, நனைத்த கோணியில் படுக்க வைத்தாள். உதட்டை விலக்கிப் பார்த்தாள், ஈறு வெளுக்கவில்லை. தண்ணீரை மொத்தமாக வைக்காமல், கால் மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினாள்.

“நாய் இப்டிக் கெடக்குது, நீ எங்கய்யா ஓடிகினே கீற?”

“தோ... வன்ட்டேன்.”

எஞ்சினைப் பிரித்தது பிரித்தபடி போட்டுவிட்டு, பச்சையப்பன் மூன்றாவது தடவையாகப் பின்பக்கம் நழுவினான். கல் நெஞ்சுக்காரன் என்று ராணிக்கு ஆத்திரமாக வந்தது.

நாலு மணிக்கு டீக்கடை அடுப்பிலேயே அரிசியைக் குழைய வேகவைத்து, ஆறவைத்து, நாலு ஸ்பூன் கஞ்சி வைத்தாள். டீசல் நக்கித் தீர்த்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தது.

ராணிக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே போனைப் போட்டாள்.

“டாக்டரம்மா, காப்பாத்திட்டேன்! பாலு குடுக்கல, தண்ணி கொஞ்சங் கொஞ்சமா, அப்பால கஞ்சி. நீங்க சொன்ன மாரியே!”

“சபாஷ் ராணி! பாதி டாக்டர் ஆயிட்டீங்க. வாந்தி எத்தன தடவ?”

“எடுக்கவே இல்லம்மா.”

“பேதி?”

“அதுவும் இல்ல.”



“அப்ப அதுக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்லையே! மத்தியானம் என்ன வெச்சீங்க?”

“பிரியாணிம்மா. நேத்து குத்தம்பாக்கத்துல எங்க தம்பி ஊட்டு விசேஷத்துல குடுத்தது. ராவெல்லாம் வெளியதான் இருந்திச்சி. ஆனா காலைல நல்லா சூடு பண்ணித்தான் எட்த்தாந்தேன்.”

“இந்த வெயில்லயா? அதை வேற யாராவது சாப்பிட்டீங்களா?”

ராணி திரும்பிப் பார்த்தாள். பின்பக்கக் கக்கூசிலிருந்து பச்சையப்பன் ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு வந்தான். நனைத்த கோணியில் டீசலுக்குப் பக்கத்தில் படுத்தான்.

ராணி கஞ்சிப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, டீசலின் தலையைத் தடவிக்கொண்டே போனில் சொன்னாள்:

“டாக்டரம்மா, நான் பாதி டாக்டர்னா, எங்க டீசலு முழு டாக்டரு!”