குழாய் மாறியிருக்கும்

உலகத்தில் பொய்யே சொல்லாத ஒரே ஜீவன் ரத்தம்தான் என்பது டாக்டர் உஸைரின் முடிவு. அடிபட்டு வந்தவர் உடம்பில் கிருமி பரவுமா என்பதை, ஜுரம் வருவதற்கு முன்பே ரத்தத்தின் எதிர்ப்புச் செல்களைப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

"பரவும்" என்றதும், பிள்ளைச்சாவடி ரோட்டில் லாரி மோதியவரின் மனைவி அஞ்சலாட்சி கெஞ்சினாள். "ரத்தம் எடுத்த குழாய் மாறியிருக்கும் சார். இன்னொரு தடவை எடுத்துப் பாருங்களேன்."

"எத்தனை தடவை எடுத்தாலும் அதே ரத்தம்தாம்மா."

அவள் போனதும் நர்ஸ் கலைவாணியிடம் சொன்னான். "எல்லாருக்கும் குழாய்தான் மாறுது."

அடுத்த குழாயில் பெயர் இல்லை; ஆராய்ச்சிக்காக எடுத்ததால் எண் மட்டும்தான்.

"பதினேழு. எதிர்ப்புச் சக்தி படுத்துடுச்சு. நாளன்னைக்குள்ள பரவிடும். யாரு இது?"

கலைவாணி பட்டியலைப் பார்த்தாள். நிமிரவில்லை.

"பைக்குல விழுந்த உங்க தம்பி சார். தல்ஹா."

உஸைர் எழுந்தான். புது ஊசியும் புதுக் குழாயும் எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தான்.