நாற்பத்தொன்றாவது ஆள்

கடல் தேசியப் பூங்காவாகிவிட்ட அந்தத் தீவில் நாற்பது பேர்தான் தங்கலாம். வளர்மதியும் அவள் கணவன் கதிரேசனும் அனுமதிக்காக ஆறு வருடம் காத்திருந்து அங்கே கூடாரம் போட்டிருந்தார்கள். மாலையில், வள்ளம் கவிழ்ந்த மீனவர் ஒருவர் நீந்திக் கரையேறினார். காவல் இயந்திரம் அவரை மறித்தது.

“நாற்பத்தொன்று. கடலுக்குத் திரும்பவும். அல்லது வேறொருவர் படகேறி வெளியேறவும்.”

“இதுக்கு மேல நீந்த முடியாதும்மா,” என்று வளர்மதியிடம் சொல்லிவிட்டு அவர் மணலில் சரிந்தார். சுற்றியிருந்த கூடாரங்களின் ஜிப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

“நம்மள்ல ஒருத்தர் போயிரலாங்க,” என்றாள் அவள்.

“எவனோ ஒருத்தனுக்காகவா? பேசாம உள்ள வா.”

அவள் போய்ப் படகில் உட்கார்ந்தாள். இயந்திரம் மீனவருக்கு வழிவிட்டது. கதிரேசன் கூடாரத்தை உள்ளிருந்து மூடிக்கொண்டான்.

ஊர்க்கரை சேர்ந்தவள் அவன் வீட்டுக்குப் போகவே இல்லை.