போலிக் காவல்

“அக்கா, கார்டைக் கீழ வைங்க. முதல்ல கீழ வைங்கன்னு சொல்றேன்ல!”

போனில் வந்த அதட்டலில் முத்துலட்சுமி கார்டைச் சட்டென்று கீழே வைத்தாள். ஏ.டி.எம். கார்டு எண்ணைப் பார்த்துத் தட்டுவதற்காக அப்போதுதான் கண்ணாடியைத் தேடி மாட்டியிருந்தாள். மேஜை மேல் கம்ப்யூட்டர் சைரன் போட்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. திரையை அடைத்தபடி ஒரு சிவப்புப் பெட்டி, அதன் அடியில் ஒரு போன் நம்பர். ஆயிரத்துக்கும் மேலே வைரஸ் புகுந்துவிட்டதாம். உடனே பணம் கட்டி அவர்களுடைய ஆன்டிவைரஸை வாங்காவிட்டால் எல்லாம் போய்விடுமாம்.

எல்லாம் என்றால், மகள் சொர்ணலதாவின் நர்ஸிங் படிப்பும்தான். ஃபீஸுக்காகச் சேர்த்த பணம் முழுக்க பேங்கில் இருக்கிறது. பேங்கு வேலையெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பேறிப் போன வீட்டுக்காரர் விஜயபாண்டி திரும்பி வந்து இதைப் பார்த்தால், அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

“பணம் கட்டுனா சரியாயிரும்னு போட்டிருக்கே தம்பி?”

“ஆகாதுக்கா. அந்தப் பெட்டிதான் வைரஸே. சுத்தப் போலி.”

கொஞ்ச நேரம் முன்புவரை இதே குரல், ‘வணக்கம் மேடம், சொல்லுங்கள் மேடம்’ என்று செய்தி வாசிப்பதுபோலத்தான் பேசியது. “கோம்பையில இருந்து பேசுறேன் தம்பி. வீட்டுக்காரரு மேல தோட்டத்துக்குப் போயிட்டாக, ஒத்தையில கெடந்து தவிக்கிறேன்” என்று இவள் அழுததும் அந்தச் செய்தி வாசிப்பு நின்றுபோனது. பிறகு, “கோம்பையாக்கா நீங்க?” என்று மெல்லக் கேட்டது அந்தக் குரல். அதற்கப்புறம் மேடமும் இல்லை, வணக்கமும் இல்லை. கூடப் பிறந்தவன்போல ஒரே அதட்டல்.

“போலின்னு எப்பிடிப்பா சொல்ற?”

“நெட்டுல இருந்து எதையாச்சும் எறக்குனீகளா?”

“ஜாக்கெட் டிசைன் பாத்துக்கிட்டிருந்தேன். கம்ப்யூட்டர் மெதுவா ஓடுது, சரி பண்ணவான்னு கேட்டுச்சு. பாவம், நல்லதுக்குத்தான கேக்குதுன்னு அமுக்கிட்டேன்.”

“அங்கனதான் மாட்டிக்கிட்டீக. கையப் புடிச்சு நாடி பாக்குறதுக்கு முந்தியே ஒடம்புல ஆயிரம் நோய்னு ஒரு டாக்டர் சொன்னா நம்புவீகளா? நெசமான ஆன்டிவைரஸ் இப்பிடிக் கூப்பாடு போடாது. போன் நம்பர் குடுத்துக் கூப்பிடாது. இப்பவே கட்டு, இப்பவே கட்டுன்னு அவசரப்படுத்தாது.”

“அய்யோ, இப்ப என்ன செய்ய?”

“நெட்டு ஒயரப் புடுங்குங்க.”

பிடுங்கினாள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கச் சொன்னான். வந்த பட்டியலில் அந்தப் பெட்டியின் பெயரைத் தேடி நிறுத்தச் சொன்னான். சைரன் அடங்கியது. முத்துலட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அடங்கிருச்சு தம்பி! நல்லா இருப்ப!”

“சரிங்க மேடம். பொறுமையாகப் பாருங்கள் மேடம்” என்றான் திடீரென்று. மறுபடியும் செய்தி வாசிப்பு. அவன் பின்னால் பல பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல் கேட்டது. நடுவில் யாரோ இவளுக்குப் புரியாத பாஷையில் உறுமினார்கள்.

“முதலாளி வந்துட்டாரா?” என்று இவள் ரகசியமாகக் கேட்டாள்.

“ம்.” கொஞ்சம் பொறுத்து, “போயிட்டாருக்கா.”

“காசு வாங்காமச் சொல்லிக்குடுக்குறன்னு திட்டுவாரோ?”

“திட்டுனாத்தான் பரவாயில்லையே” என்றவன், அவளை மேலே பேச விடவில்லை. “பேச நேரமில்ல. சேஃப் மோடுல தொறக்கணும். ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் குடுங்க.”

சொன்னதையெல்லாம் செய்தாள். தவறாக அமுக்கியபோது ஒரு அதட்டல், சரியாக அமுக்கியபோது ஒரு “சபாஷ்க்கா”. புரோகிராம் பட்டியலில் இன்றைய தேதியில் உட்கார்ந்திருந்த அந்தத் திருட்டுப் பெயரை அழித்தாள். கம்ப்யூட்டரோடு வந்த நிஜமான ஆன்டிவைரஸை முழுதாக ஓடவிட்டாள். சோறு பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவள், திரையில் பழையபடி மகளின் படம் தெரிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“போயிருச்சு தம்பி! ஒண்ணுமில்லன்னு பச்சையாக் காட்டுது!”

“பேங்கு பாஸ்வேர்டை வேற போன்ல மாத்திருங்க. பேங்குலயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. இனிமே எவன் பயமுறுத்துனாலும் கார்டைத் தொடக்கூடாது. நான் கேட்டாலும் குடுக்கக்கூடாது.”

“நீ எதுக்குப்பா கேக்கப் போற?” முத்துலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பிள்ளைக்கு எதையாவது செய்யாவிட்டால் மனசு ஆறாது என்று பட்டது. “பேச்சப் பாத்தா நம்ம பக்கத்துப் புள்ளையாத் தெரியுது. ஆபீஸு எங்கன இருக்கு? கம்பமா, தேனியா? எங்க ஊருத் திராட்சை ஒரு கூடை குடுத்துவிடுறேன், மாட்டேன்னு சொல்லக்கூடாது.”

அவன் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.



“அக்கா, அந்தச் செகப்புப் பெட்டியில போட்டிருந்த நம்பருக்குத்தான நீங்க அடிச்சீக? அந்தத் திருட்டுக் கூட்டத்துலதான் நானும் இருக்கேன். வெளிநாட்டு வேலைன்னு கூட்டியாந்து, பாஸ்போர்ட்டப் புடுங்கிக்கிட்டு, அடைச்சுப்போட்டு அடிக்கிறாங்கக்கா... குச்சனூர் கோயில் வாசல்ல எள்ளு விளக்கு விக்கிற எங்கம்மா பாண்டீஸ்வரிகிட்ட, சுருளிவேல் உசுரோடதான் இருக்கான்னு மட்டும் சொல்லிருங்க.”