இதுவரை கேள்விப்படாதவர்

கதவைத் தட்டிவிட்டு ஊழியர் உள்ளே போனார். கட்டிலில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு நீங்க?”

“ஊழியம் செய்யறவன்ம்மா. இயேசுவைப் பத்திச் சொல்ல வந்தேன்.”

“அது யாரு? நான் கேள்விப்பட்டதே இல்லையே!”

ஊழியர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இயேசுவின் பெயரே தெரியாத ஒரு தீவுக்குப் போகத்தான் மூன்று வருடம் அந்த ஊர் மொழியைப் படித்தார். டிக்கெட் கைக்கு வந்த வாரத்தில் பயணம் நின்றுபோனது. ஆண்டவர் எதற்குக் கூப்பிட்டார், எதற்குத் தடுத்தார் என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

காணாமல்போன ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் கதையைச் சொன்னார். அம்மாளுக்குக் கண் கலங்கியது.

“மத்த தொண்ணூத்தொம்பதையும் விட்டுட்டு, ஒண்ணே ஒண்ணுக்காகவா போனாரு?”

“ஆமாம்மா.”

“எனக்கும் ஜெபம் பண்ணச் சொல்லித் தாங்களேன்.”

ஊழியர் அம்மாளின் கைகளைக் குவித்துப் பிடித்து, வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார்.

“உங்களுக்கு இதெல்லாம் யாரு தம்பி சொல்லிக்கொடுத்தது?”

“எங்கம்மா.”

“கொடுத்து வெச்சவங்க. இருக்காங்களா?”

ஊழியர் அம்மாளின் முகத்தைப் பார்த்தார். “இருக்காங்க” என்றார்.

அவர் மனைவி மாத்திரையும் தண்ணீருமாக வந்தாள்.

“அத்தை, தினமும் சொல்றேனே, இவரு உங்க மகன். உங்களுக்கு ஞாபகம் போக ஆரம்பிச்சப்பதான், தீவுக்குப் போகாம நின்னுட்டாரு.”

அம்மாள் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கு ஏதும்மா மகன்?” என்றவர், ஊழியரின் கையை விடாமல் கேட்டார். “நாளைக்கும் வருவீங்களா தம்பி?”

“வருவேன்ம்மா.”