ஏழாம் பக்கத்து நெத்திலிச் சம்பல்

கூகுளில் எதையாவது தேடி, ஏழாம் பக்கம் வரைக்கும் போனவங்க யாராவது இருக்கீங்களா?

தனலெட்சுமியின் சமையல் வலைப்பூ அங்கேதான் குடியிருந்தது. மலேசியாவில், பத்து பாகாட் ஊரில், சின்ன மகன் மதியம் தூங்கும் நேரம்தான் அவளுக்கு எழுதும் நேரம். வீட்டில் இருந்ததோ ஒரே மடிக்கணினி. அதற்கும் கணவன் கனகராஜ் கெடு வைத்துவிட்டான். தீபாவளிக்குள் வலைப்பூ முதல் பக்கத்துக்கு வர வேண்டும். வராவிட்டால், மடிக்கணினி காலேஜ் போகும் அவன் தங்கை சுபத்திராவுக்கு.

"எழுதியும் ஒருத்தரும் படிக்கலை. அந்தப் புள்ளைக்காவது உதவட்டுமே" என்றான்.

தனம் யூடியூப் பார்த்துப் பாடம் படித்தாள். சனங்க எந்த வார்த்தையைத் தேடுவாங்களோ அதைத் தலைப்பில் வைக்கணுமாம். வாஸ்தவம்தான். 'நெஞ்சில் நின்ற நெத்திலி' என்று யார் தேடப்போகிறார்கள்? 'அன்னாசி நெத்திலிச் சம்பல் செய்வது எப்படி' என்று மாற்றினாள். பதிவுக்குள்ளும் அந்த வார்த்தை வரணும் என்றார்கள். வரிக்கு ஒரு நெத்திலி போட்டாள்.

கனகராஜ் படித்துப் பார்த்தான். "என்னா தனம், நெத்திலிக்கு அர்ச்சனை பண்ணி வெச்சிருக்கே?"

பாதி நெத்திலியை எடுத்தாள். படங்களையும் சுருக்கினாள். அதுவரைக்கும் ஒரு படம் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். பிறகு தன் போனில் தேடினால், முதல் இடம். ஓடிப்போய்க் கணவன் போனில் தேடினாள். ஏழாம் பக்கம்.

தினமும் அதே பக்கத்தைத் திறந்தால் போன் அதையேதான் முதலில் காட்டும் என்று விளக்கினான் கனகராஜ். "உன் போன் உனக்குத்தானே லா ஜால்ரா அடிக்கும்."

அடுத்த பாடம்தான் ரொம்பக் கஷ்டம். மற்றவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து நம் பக்கத்துக்கு வழி காட்ட வேண்டுமாம். பெரிய இடத்துக்காரர்கள் காட்டினால் கூகுளுக்கு நம்மேல் மதிப்பு கூடுமாம். கல்யாணத்துக்குச் சொல்லுகிற மாதிரி சொந்தக்காரங்களை எல்லாம் கேட்டுப் பார்த்தாள். லாபிஸில் டயர் கடை வைத்திருக்கும் தாய்மாமா தியாகராஜா மட்டும் இரக்கப்பட்டு, அவளுடைய வலைப்பூவின் நீளமான முகவரியை அப்படியே தன் கடைப் பக்கத்தில் ஒட்டினார். டயர் வாங்க வந்தவன் ஒருத்தனும் சம்பல் பக்கம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தக் கொடுமை கண்ணில் பட்டது. கணவன் போனில் தேடினால், கூகுளின் முதல் பக்கம், முதல் இடம், 'அன்னாசி நெத்திலிச் சம்பல்'. எழுதியது பொந்தியான் ஊர்ச் சமீரா. சமையல் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த வலைப்பூக்காரர்.

திறந்து பார்த்தாள். அன்னாசியை உப்புப் போட்டுப் பிசறி வைப்பது, நெத்திலியை அடுப்பை அணைத்த பிறகே கொட்டுவது எல்லாம் இவள் கைப்பக்குவம், ஒன்று விடாமல் இருந்தது. 'கத்துக்கிட்ட இடத்தை மறக்கக் கூடாது' என்று உச்சியில் ஒரு வரி, அதற்கு நீலச் சாயம் வேறு. தன் அம்மா வீட்டைச் சொல்கிறாராக்கும் என்று பல்லைக் கடித்தாள் தனம்.

மகனை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒற்றை விரலால் அதன் கீழே கமெண்ட் போட்டாள். 'அடுத்தவ சம்பலைத் திருடி உங்க பேர்ல போட்டிருக்கீங்களே, சோறு எப்படி இறங்குது? இப்படிக்கு, பத்து பாகாட் தனலெட்சுமி.'

அதோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தீபாவளி நெருங்க நெருங்க, இவள் வலைப்பூவுக்குத் திடீரென்று ஆள் வர ஆரம்பித்தது. கனகராஜ் தன் போனிலேயே தேடினான். முதல் பக்கம். சமீராவுக்கு நேர் கீழே. நம்பாமல் ஆபீஸ் நண்பனின் போனிலும் தேடச் சொன்னான். அங்கேயும் அதேதான்.

சுபத்திராவுக்கு வேற கணினி பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். தனம் அக்கம்பக்கத்துக்கு முறுக்கோடு செய்தியையும் சேர்த்துக் கொடுத்தாள். எல்லாம் தலைப்பை மாத்துனதுலதான் இருக்கு என்று வாசலுக்கு வாசல் பாடமும் எடுத்தாள்.

மறுநாள் போன் வந்தது. வலைப்பூவில் இருந்த நம்பரைப் பார்த்து அழைத்தது சமீராவேதான். தனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள். அவரோ நிதானமாக, தன் பதிவைத் திறக்கச் சொன்னார்.

"மேல நீலமா ஒரு வரி இருக்குல்ல தங்கச்சி, அதை அமுக்கு."

அமுக்கினாள். அவளுடைய வலைப்பூ திறந்தது.

வழி காட்டுவது என்றால், மாமா டயர் கடையில் ஒட்டின மாதிரி நீளமாக இருக்கும் என்று நினைத்திருந்தாளே தவிர, நாலு வார்த்தைக்கு அடியில் வழி ஒளிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாதது அவளுக்கு மட்டும்தான். இவ்வளவு கோபமாகத் திட்டுகிற பெண் யார் என்று பார்க்க, கமெண்ட்டைப் படித்தவர்கள் எல்லாம் அந்த நீலத்தை அமுக்கியிருக்கிறார்கள். சமீரா நினைத்திருந்தால் திட்டு வாங்கிய அன்றைக்கே அந்த வரியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

தனம் செருகிய முந்தானையை இறக்கிவிட்டாள். "அக்கா, தெரியாம எழுதிட்டேன். அந்தக் கமெண்ட்டை அழிச்சிடுங்கக்கா, புண்ணியமாப் போகும்."

"அதை எதுக்கு அழிக்கணும்? நீ திட்டினதுலேருந்து என் பக்கத்துலயும் கூட்டம் தாங்கலை. வெள்ளிக்கிழமை முர்தபா ரொட்டி செய்யுறது எப்படின்னு போடுறேன் தங்கச்சி. அதுக்கும் வந்து நாலு வார்த்தை திட்டிட்டுப் போயேன்."