அண்டாவின் பெருமை

கூரையில் ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தது. முதல் மழையில் அது ஒழுகியபோது வீட்டுக்காரர் ஏகாம்பரம் கீழே ஒரு டம்ளரை வைத்தார். டொக் டொக்கென்ற சத்தம் எரிச்சலூட்டியதால் அதற்குள் ஒரு பழைய துணியைப் போட்டார். சத்தம் நின்றது.

"அப்பாடா, சரியாப் போச்சு" என்றார்.

அடுத்த மழையில் டம்ளர் நிரம்பி வழிய, வாளி வந்தது. "இந்த வேலைக்கெல்லாம் நீ பத்துவியா? தள்ளு" என்று டம்ளரை ஓரங்கட்டிவிட்டுக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

ஐப்பசி பிறந்தது. வாளியும் போதவில்லை. விசேஷத்துக்கு மட்டுமே இறங்கும் பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கினார்கள். அதற்குள்ளும் ஒரு பழைய வேட்டியைப் போட்டார்கள்.

அண்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கடைசியில என்கிட்டதானே வந்தாங்க? என்னைவிடப் பெரிய பாத்திரம் இந்த வீட்லயே கிடையாது!"

மூலையில் கிடந்த டம்ளர் மேலே பார்த்தது. ஓடுகள் சரிந்து, ஒரு முழ அகலத்துக்கு வானம் கறுத்துத் தெரிந்தது.

"அதை நினைச்சாதான் எனக்குப் பயமா இருக்குண்ணே" என்றது.